இருப்பதை இல்லை என்ற சோதனை

நவம்பர் 4, வெள்ளி
புது சர்வர் வந்து இறங்கியது. எங்கள் பிளாண்டயர் நகர வெள்ள எச்சரிக்கை அலுவலகமே வாசலில் கூடி வேடிக்கை பார்த்தது. என் வெள்ளக் கணிப்பு புரோகிராமை அதில் ஏற்ற வேண்டும். பதினோரு வருஷமாகப் பழைய மெஷினில் ஓடுகிறது.

நவம்பர் 7, திங்கள்
ஏற்றினேன். கணக்கு முடிய நாற்பது நிமிஷம்! பழையதிலேயே பதினைந்துதான்.
இயக்குநர் கச்சிங்வே கூப்பிட்டார். “வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டுங்கம்மா. பத்து நிமிஷத்துல முடியணும். இல்லேன்னா வெளிக் கம்பெனிக்காரங்களோடதை வாங்கிடுவோம்.”
அவர்களுடையது பெரிய ஊர்களுக்கு மட்டும் கணிக்கும். ஷைர் ஆற்றங்கரையின் சின்ன கிராமங்கள் என்னுடையதில்தான் உண்டு. அவங்களுக்கு யார் சொல்லுவா?

நவம்பர் 8, செவ்வாய்
பாதிக் காரணம் கிடைத்தது. புரோகிராமைக் கட்டும் முன், ‘உன்னிடம் இது உண்டா, அது உண்டா’ என்று, நாம் எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரிடம் ஒரு சோதனை நடக்கும். ஒவ்வொன்றுக்கும் நாலு வரியில் ஒரு குட்டிப் புரோகிராம். கம்பைலர் அதை ஏற்றால் ‘உண்டு’, மறுத்தால் ‘இல்லை’. ஏன் மறுத்தது என்று சோதனை கேட்பதில்லை. கணக்கைப் பிரித்து ஒரே நேரத்தில் பல பக்கம் ஓடவிடும் வசதிக்கு, ‘இல்லை’ என்று பதில். அதனால்தான் இந்த ஆமை நடை.
மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் லிம்பானி விடுவானா? என் வயசுதான், வாய்க்கு மட்டும் இருபது. “என் சர்வர்ல எல்லாம் இருக்கு மேடம். உங்க புரோகிராமுக்குத்தான் வெள்ளெழுத்து.”

நவம்பர் 9, புதன்
அந்த வசதியைத் தனியாக எழுதி ஓட்டினேன். ஓடுகிறது! இருக்கு. கண்ணு முன்னாடி இருக்கு. அப்புறம் ஏன் இல்லேங்குது?
“நீங்களே ‘உண்டு’ன்னு எழுதிப் போட்டுடுங்க. யார் பார்க்கப் போறா?” என்றான் லிம்பானி.
கை போனது. எழுதவில்லை. இது ஒன்று பொய்யென்றால் வேறு எது எது பொய்யோ? வெள்ளத்தோடு விளையாட முடியாது.

நவம்பர் 10, வியாழன்
பிடித்துவிட்டேன்!
காலையிலிருந்து, சோதனையில் நடந்ததெல்லாம் பதிவாகும் லாக் கோப்பை வரி வரியாகப் படித்தேன். குட்டிப் புரோகிராம் விடையை ஒரு பெயரில் வாங்கி வைக்கிறது, அப்புறம் அதைத் தொடுவதில்லை. பழைய மெஷினின் கம்பைலர் இதைக் கண்டுகொண்டதே இல்லை. புதியது, ‘இதை எதற்கும் பயன்படுத்தவில்லையே’ என்று லேசாக எச்சரிக்கிறது. அவ்வளவுதான். ஆனால் எச்சரிக்கை வந்தாலே பிழையாகக் கொள் என்று ஒரு கட்டளை போட்டிருக்கிறதே — யார் போட்டது? நான்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், என்னைப் போலச் சுத்தமாக எழுத ஆளில்லை என்ற மிதப்பில். வசதி இல்லாததால் அல்ல, என் கண்டிப்பால்தான் சோதனை தோற்றது.
அந்தக் கட்டளையைச் சோதனைகள் முடிந்தபின் வருமாறு தள்ளி வைத்தேன். சோதனை நினைவில் வைத்திருந்த பழைய பதில்களையும் அழித்தேன். ‘உண்டு’. கூடவே வேறு மூன்றும் ‘உண்டு’!
கத்திவிட்டேன் போல. லிம்பானி ஓடி வந்தான். “என்ன, யாருக்குக் கல்யாணம்?”
“எனக்குத்தான் வெள்ளெழுத்துடா,” என்றேன். கேன்டீனில் சுடச்சுடப் பொரித்து வைத்திருந்த மண்டாசிப் பலகாரம் பூராவையும் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன்.

நவம்பர் 11, வெள்ளி
ஆறு நிமிஷம். போன வருஷ வெள்ளத்தின் அளவு அச்சு அசலாக அப்படியே வந்தது. கச்சிங்வே தன் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார். “அந்தக் கம்பெனிக்கு நன்றி சொல்லி அனுப்பிடலாம்மா.”
பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். லிம்பானிதான்.

டிசம்பர் 6, செவ்வாய்
மூன்று நாள் விடாத மழை. ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றின் தலைவர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். “தண்ணி வந்துச்சும்மா. வீட்டுக்குள்ள எல்லாம் பூந்து பார்த்துச்சு. உள்ள ஒருத்தரும் இல்ல. நாங்கதான் நீங்க சொன்னதைக் கேட்டு நேத்தே மேட்டுக்கு வந்துட்டோமே.”