அதே கதை, ஆள் மட்டும் வேறு

அன்பான அக்கா,

மன்னித்துக்கொள். நீ இருந்தபோது நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், இப்போது பத்திரிகையில் ஊர் பார்க்க எழுதுகிறேன். வீட்டில் வாய் வரவில்லை.

எத்தனை தரம் பார்த்தாலும் உனக்கு அலுக்காத அந்தப் பழைய படத்தைத் திரும்பவும் எடுத்திருக்கிறார்கள். உன் ஆண்டுத் திவசம் முடிந்த கிழமையே டிவியில் போட்டார்கள்.

பழையதில் கதாநாயகி புருஷன் வீட்டை விட்டு மழையில் இறங்கும்போது பாட்டே இல்லை. வாசல் படலை சாத்தும் சத்தம் மட்டும்தான். "பேசாம இரிங்க, அந்தப் படலைச் சத்தத்தக் கேளுங்க" என்று எங்களை அடக்குவாய். புதியதில் அந்த இடம் முழுக்க வயலின். அவ்வளவு மழையிலும் அவள் கண்மை கரையவில்லை.

ஆனாலும் அந்த நடிகை மேல் எனக்குக் கோபமில்லை. பழையவளைப் போலச் சிரித்தால் அவளைப் பார்த்து நடித்தாள் என்பார்கள். வேறு மாதிரிச் சிரித்தால் அவளைப் போல வருமா என்பார்கள். என்னதான் செய்வாள்?

"அதே கதைதானே, ஆள்தானே வேற. என்ன குறையாம்?" என்றார் அம்மா. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "கம்பஸ் படிப்பும் முடிஞ்சிது. நீயும் ஒரு முடிவச் சொல்லு மகள். புள்ளையும் நம்மட புள்ள, ஊடும் நம்மட ஊடு."

அத்தான் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

இந்த வீட்டைச் சீதனமாக உன் பெயரில் எழுதி, அத்தானை இங்கே கூட்டிவந்துவிட்டு, அம்மா பின்வளவுக் குடிலுக்குப் போனார். இனி அவர் வேறொருத்தியைக் கட்டிப் போனால் உன் மகளும் போய்விடுவாள் என்று அம்மாவுக்குப் பயம். அதனால் உன் இடத்துக்கு நான். அந்த நடிகையிடமாவது சம்மதமா என்று கேட்டிருப்பார்கள்.

நேற்று அம்மா உன் நீலச் சேலையை எடுத்து என்னை உடுத்தச் சொன்னார். அதன் சட்டை தோளில் இறுக்கியது. "தையலப் பிரிச்சாச் சரியாகிரும்" என்றார். சட்டைக்குச் சரி.

உன் மகளுக்கும் அம்மாவின் பாடம் நடக்கிறது. "சின்னம்மா எண்டு சொல்லாத, அம்மா எண்டு கூப்பிடு."

"அம்மா போட்டோவில இரிக்கா தானே?" என்றாள் அவள்.

திரும்ப எடுத்த படம் முதல் படத்துக்கு ஈடாகுமா என்று கம்பஸில் தோழிகள் சண்டை பிடிப்பார்கள். நான் வாயே திறந்ததில்லை. இப்போது சொல்கிறேன்: போனதன் இடத்தை நிரப்பவென்று எடுத்தால் ஒருநாளும் ஆகாது. பழையதும் கெடும், புதியதும் பிழைக்காது.

உன் மகளை நான் விடமாட்டேன். தலை இழுத்துப் பின்னிவிடுவேன், பள்ளிக்குக் கூட்டிப்போவேன், அந்தப் பழைய படத்தைப் போட்டு, படலைச் சத்தத்தைக் கேட்கச் சொல்வேன். எல்லாம் சின்னம்மாவாக இருந்தே செய்வேன். இது சத்தியம்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். முதலிலேயே கேட்கக் கூச்சமாக இருந்தது. நான் சொன்னால் அம்மாவுக்கு ஏறாது. ஆனால் நீ கனவில் வந்து கேட்டாய் என்று, விடிந்ததும் சந்தைக்கு ஓடி வாவி இறால் வாங்கி உனக்குப் படைத்தவர் அவர். இன்னும் ஒரு தரம் அவர் கனவில் வா அக்கா. இந்த முறை உனக்கென்று ஒன்றும் கேட்காதே. "தங்கச்சிய விடுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ.

உன் தங்கச்சி,
உன் மகளின் சின்னம்மா