ஒரு கையில் கூரை, ஒரு கையில் வாள்

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்த என் ஆள் என்ன ஆனான்?

நீ இந்த வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. அந்த வாரம் சாப்பாட்டு மேஜையில், நீ கதையை நடத்த நான் பகடை உருட்டி என் ஆளை நடத்தும் நம் விளையாட்டு பாதியில் நின்றது. குச்சி சுரங்கத்துக்குள் நிற்கிறான். தலைக்கு மேலே கூரை விரிசல் விடுகிறது. உள்ளே முப்பத்தோரு தொழிலாளிகள். இருட்டுக்குள்ளே ஏதோ உறுமுகிறது. அத்தோடு நீ புத்தகத்தை மூடிவிட்டாய். எட்டு மாதமாக அந்த மனுஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் அம்மா.

என் மகன் இரண்டாவது வாரமே "இதெல்லாம் சின்னப் பிள்ளைங்க விளையாட்டு" என்று எழுந்து போனான். எனக்கு எழ மனம் வரவில்லை. உன் விளையாட்டுப் புத்தகத்தில் அந்த வாள் மந்திரவாதியின் படம், ஒரு கையில் வாள், மறு கையில் நெருப்பு, அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அவன்மேல் ஒரு பிரமிப்பு. கிழவனுக்கு வந்த ஆசையைப் பார் என்று நீ சிரித்தாலும் சரி.

போனில் கேட்டிருக்கலாம். கிரேன் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து என் காது போன கதைதான் உனக்குத் தெரியுமே. ஆகவே கடிதத்திலேயே தொடரலாமா என்று கேட்கிறேன். கோர்ட்டில் பிரித்தது உங்கள் இரண்டு பேரைத்தான். என்னை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

அன்புடன்,
மாமா


மார்ச் 13

அன்புள்ள மாமாவுக்கு,

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஏதோ கெட்ட செய்தி என்று பயந்துவிட்டேன். பிரித்தால் குச்சி. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். பக்கத்து மெஷின்காரர் "லாட்டரி விழுந்துச்சா?" என்றார்.

இந்த உறைக்குள் இருபது முகப் பகடை ஒன்று வைத்திருக்கிறேன். நீங்களே உருட்டி, விழுந்த எண்ணை எழுதுங்கள். நான் நம்புவேன்.

தொடங்கும் முன் இன்னொரு முறை எச்சரிக்கிறேன், அன்றைக்கும் நீங்கள் கேட்கவில்லை. வாள் மந்திரவாதி ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தவன். வாள்வீச்சில் படைவீரனுக்கு அடுத்தபடிதான். மந்திரத்தில் முழு மந்திரவாதிக்கு அடுத்தபடிதான். படைவீரனுக்கு அறுபது உயிர்ப் புள்ளிகள் என்றால் உங்கள் ஆளுக்கு இருபத்திரண்டு, அதிலும் இப்போது மிச்சம் ஒன்பது. கனத்த கவசம் போட்டால் மந்திரம் வராது. இரண்டு கையிலும் வேலை இருப்பதால் கேடயம் பிடிக்க வழியில்லை. இதெல்லாம் போகட்டும். மந்திரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும்போது அடி விழுந்தால் மனம் கலையும், மந்திரம் அறுந்துபோகும். அடி விழும் ஒவ்வொரு முறையும் பகடையில் பத்தோ அதற்கு மேலோ விழுந்தால்தான் தப்பலாம். மற்ற மந்திரவாதிகள் ஆட்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். இவன் வாளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நிற்கிற ஆள்.

இருட்டுக்குள்ளிருந்து அந்த மிருகம் வருகிறது. எருமையைவிடப் பெரியது, கண் கிடையாது. கூரை இறங்கத் தொடங்கிவிட்டது. என்ன செய்கிறீர்கள்?

இப்படிக்கு,
கதை நடத்துபவள்


மார்ச் 20

அன்புள்ள மருமகளுக்கு,

நீ பலவீனம் என்று எழுதிய பட்டியலை நாலு தடவை படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு அவன்மேல் மரியாதைதான் கூடுகிறது. ஒன்பது புள்ளி உயிரை வைத்துக்கொண்டு முன்னால் போய் நிற்கிறானே. அறுபது புள்ளி இருக்கிறவன் நிற்பதில் என்ன இருக்கிறது?

குச்சி இடது கையை உயர்த்துகிறான். மந்திரத்தால் கூரையைத் தாங்குகிறான். வலது கையில் வாள். கூரையை விடாமலே அந்த மிருகத்தை மறிக்கிறான்.

இது எப்படி முடியும் என்று நீ கேட்பாய். கிரேன் ஓட்டி முப்பத்திரண்டு வருஷம் நான் செய்த வேலை அதுதான். இடது கைக்கு ஒரு லீவர், சுமையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்ப. வலது கைக்கு ஒரு லீவர், ஏற்றி இறக்க. கீழே ஆட்கள் கத்துவார்கள், காற்று சுமையை ஆட்டும், நான் உட்கார்ந்திருக்கும் கூண்டே நடுங்கும். கை இரண்டும் வேறு வேறு வேலையைச் செய்துகொண்டிருக்க, மனசு மட்டும் அசையக் கூடாது. அதற்கு என்ன பெயர் என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தேன். மந்திரம் என்று நீ சொல்லித்தான் தெரிகிறது. எழுதும்போதே உடம்பு சிலிர்க்கிறது.

அடி விழுந்ததா தெரியாது, எதற்கும் உருட்டிவிட்டேன். பதினான்கு.

மாமா

பின்குறிப்பு: நான் பொய் எண் எழுதுவேன் என்று பயப்படாதே. கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். என் புளுகு தபால்பெட்டி வரைக்கும்கூடத் தாங்காது.


ஏப்ரல் 2

அன்புள்ள மாமாவுக்கு,

அடி விழுந்தது, நான்கு புள்ளி. ஆனால் பதினான்கு போதும், கூரை நின்றது. உங்கள் வாள் மிருகத்தின் தோளில் ஆழமாக இறங்கியது. பத்தொன்பது பேர் உங்களைத் தாண்டி வெளியே ஓடிவிட்டார்கள். போகிற போக்கில் ஒருவர் உங்கள் கையையும் மேலே நிற்கும் பாறையையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை மாமா, அதுவாக வந்தது.

இப்போது ஒரு விஷயம். உங்கள் மகன் போன் செய்தார். "அப்பா தபால்காரரைப் பார்த்தா போதும், எழுந்து ஓடுறார். லெட்டர் வராத அன்னிக்குச் சாப்பாடு இறங்கல. பிரிஞ்சு போறவங்க முழுசா பிரிஞ்சு போகலாம்ல?" என்றார். கோபமாகப் பேசவில்லை. களைத்துப்போய்ப் பேசினார்.

அதனால் இப்படி வைத்துக்கொள்வோம். இந்தச் சுரங்கத்தில் குச்சி பிழைத்தால் கதையில் அடுத்த நாட்டுக்குப் போகலாம், கடிதங்களும் தொடரும். இறந்துவிட்டால் கதை முடிந்தது, கடிதங்களும் முடிந்தன. பகடை சொல்கிறபடி.

இன்னும் பன்னிரண்டு பேர். எட்டு பேர் வெளியே போய்க்கொண்டிருக்கிறார்கள். கடைசி நால்வரை மிருகம் துரத்துகிறது, நீங்கள் நடுவில். மறுபடி அடி விழுகிறது, மூன்று புள்ளி. இரண்டு புள்ளிதான் மிச்சம். உருட்டுங்கள். பத்தோ மேலோ விழுந்தால் எல்லோரும் வெளியே. குறைந்தால் மந்திரம் அறுந்துவிடும். பாறை விழுமுன் உங்களுக்கு ஒரு கணம் இருக்கும். தாவல் மந்திரம் ஒன்று கையிருப்பில் உண்டு, அது உங்களை மட்டும் வெளியே கொண்டுபோகும்.

கதை நடத்துபவள்


ஏப்ரல் 9

அன்புள்ள மருமகளுக்கு,

ஐந்து.

வீட்டில் யாரும் இல்லை. ஐந்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். விரலால் மெல்லப் புரட்டினேன், பதினேழு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. திரும்பவும் ஐந்தாக வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சரி, மந்திரம் அறுந்தது. ஒரு கணம் என்று சொன்னாய். தாவினால் குச்சி பிழைப்பான். நான் உனக்கு எழுதிக்கொண்டே இருக்கலாம். அது எனக்கு எவ்வளவு வேண்டும் என்று உனக்குத் தெரியாது. இந்த வீட்டில் என் மகன் நல்லவன்தான், மருந்து வாங்கித் தருவான், மின்விசிறியை நிறுத்தட்டுமா என்று கேட்பான். "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகப் பத்து நாள் காத்திருக்கிறவள் நீ ஒருத்திதான்.

ஆனாலும் அந்த நாலு பேர் இருக்கிறார்கள். சுமை தொங்கும்போது கூண்டிலிருந்து இறங்கி ஓடியவன் எங்கள் வேலையில் யாரும் இல்லை. நான் மட்டும் கடைசி காலத்தில் அதைச் செய்ய முடியாது, அது காகிதத்தில் இருக்கிற சுமையாக இருந்தாலும்.

மந்திரம் போய்விட்டால் மற்ற மந்திரவாதிக்கு ஒன்றுமே இல்லை. இவனுக்கு இன்னொரு கை இருக்கிறது. உன் பட்டியலில் நீ அதை எழுதவில்லை. குச்சி தாவவில்லை. வாளை இரண்டு கையாலும் பிடித்து மிருகத்தை மறிக்கிறான். "ஓடுங்கப்பா, திரும்பிப் பார்க்காதீங்க" என்கிறான்.

அவர்கள் வெளியே போனார்களா என்று மட்டும் ஒரு வரி எழுதிவிடு. அதற்கு மேல் வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா


ஏப்ரல் 21

அன்புள்ள மாமாவுக்கு,

போனார்கள். நான்கு பேரும்.

பாறை விழுந்து குச்சி இறந்துவிட்டான். அவனை உயிர்ப்பிக்கக் கதை நடத்துபவளுக்கு அதிகாரம் உண்டு, வழியும் உண்டு. நான் அதைத் தொடவில்லை. தொட்டால் நீங்கள் செய்ததை நானே அழித்தது போலாகும்.

சனிக்கிழமைகளில் இங்கே ஆறு பேர் என்னோடு விளையாட வருவார்கள். உங்கள் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன், மன்னியுங்கள். அதில் ஒரு நர்ஸ் உண்டு. பத்து வருஷமாக விளையாடுகிறவள், வாள் மந்திரவாதி என்றாலே "ரெண்டுங்கெட்டான்" என்று ஒதுக்குவாள். அவள் கடிதத்தை வாங்கித் தானே ஒரு தடவை படித்தாள். பிறகு, "தனியா உருட்டி, அஞ்சுன்னு எழுதினாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "பக்கத்துல தாவுற மந்திரமும் இருந்துச்சா?" இருந்தது என்றேன். அதற்குப் பிறகு அன்று யாரும் பகடையைத் தொடவில்லை. எத்தனையோ மேஜைகளில் எத்தனையோ வீரர்களைப் பார்த்திருக்கிறேன் மாமா. இப்படி ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதுவதா நிறுத்துவதா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. முடிவு செய்யும் தைரியம் இல்லாமல் அதைப் பகடையின் தலையில் போட்டேன். பழியை அதன்மேல் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் உங்கள் முறை வந்தபோது எதன் தலையிலும் போடவில்லை.

ஆகவே இந்த முறை நானே சொல்கிறேன். உங்கள் மகனுக்கும் நானே போன் செய்து, "நான் பிரிந்தது உங்களோடு, மாமாவோடு இல்லை" என்று சொன்னேன். "சரி, எழுது" என்றார்.

குச்சியின் கதை முடிந்தது. அதற்குப் பதிலாக வேறொரு ஆளை உருவாக்கச் சொல்லமாட்டேன். நமக்குள் பேச ஒரு சாக்கு இனியும் வேண்டுமா? இன்று காலை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், ஜன்னலில் என்ன தெரிந்தது, அதை எழுதுங்கள். பத்து நாள் காத்திருந்து படிக்கிறேன்.

அன்புடன்,
மருமகள்