பீலித் தண்ணீரும் என் டீசல் தொட்டியும்

1957 ஜனவரி 6, ஞாயிறு

மருத்துவச்சி நாகலெட்சுமி இன்று இஞ்சின் ரூமுக்கே வந்துவிட்டாள். தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்தில், மலை ஊற்றிலிருந்து பீலி வழியே விழும் குடிதண்ணீரில் எண்ணெய் வாடை வருகிறதாம். ராக்காயியின் கைக்குழந்தைக்கு மூன்று நாளாக வாந்தியாம். ராக்காயி பீலியடியில் மண்ணெண்ணெய் விளக்கைக் கழுவியிருப்பாள் என்று சொல்லிவிட்டேன். இஞ்சின் ரூமை ஒட்டிய தொழிற்சாலை டீசல் தொட்டியை நானே நின்று புதைத்தேன். அது இரும்பு. ஒழுகுமா?

1957 ஜனவரி 8

நான் சொன்னது லயம் முழுக்கப் பரவி, ராக்காயியைப் பீலிப் பக்கமே விடமாட்டோம் என்கிறார்களாம். அவள் வீட்டில் விளக்கே ஒன்றுதான், அதுவும் உடைந்து ஒரு மாதம் ஆகிறதாம். நாகலெட்சுமி ஒரு போத்தல் தண்ணீரை நீட்டி, மோந்து பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் இஞ்சினோடு இருந்தவனுக்கு எந்த வாடைதான் தெரியும்?

"உங்க சட்டையை மோந்துட்டு இதை மோந்தா எப்படிண்ணே தெரியும்?" என்றாள். கூட வந்த பெண்கள் சிரித்தார்கள்.

தோண்டிப் பார்த்து அவள் வாயை அடைக்கப் போகிறேன்.

1957 ஜனவரி 10

தோண்டினேன். மூக்கு மட்டும் இரவல். ராக்காயியே வந்தாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. பீலிக்கு மேலே முழங்கால் ஆழத்தில் முதல் குழி. ஒரு பிடி மண்ணை மோந்து, வாடை இருக்கிறது என்று தலையாட்டினாள். இருபது அடி மேலே அடுத்தது. அங்கேயும் தலையாட்டினாள். பக்கவாட்டில் தள்ளி ஒன்று வெட்டினேன். அங்கே வாடை இல்லை. எனக்கு உற்சாகம். திரும்ப நேர் மேலே வெட்டியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டாள். குழியில் ஊறிய தண்ணீரின் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம். அதைப் பார்க்க மூக்கு தேவையில்லை.

குழிகள் வரிசையாக எங்கே போகின்றன என்று நிமிர்ந்து பார்த்தேன். இஞ்சின் ரூம்.

லொறிக்காரன் பீப்பாயிலிருந்து ஊற்றும்போது சிந்தியிருப்பான். அப்படித்தான் இருக்கும்.

1957 ஜனவரி 13, ஞாயிறு

நாளை பொங்கல். இன்று மத்தியானம் இஞ்சினை நிறுத்தினால் செவ்வாய்தான் திரும்ப ஓட்டுவோம். அதுவரை ஒரு சொட்டு டீசல் செலவில்லை. அளவுக்கோலை விட்டுப் பார்த்தேன், முப்பத்தோரு அங்குலம். மூடியைப் பூட்டிச் சாவியை நாகலெட்சுமியிடம் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்த முடிச்சுதான் பயமாக இருக்கிறது.

இதையும் எழுதிவிடுகிறேன். வாரா வாரம் கோல் விட்டு அளக்க வேண்டியவன் நான். ஒரு வருஷமாக விடவே இல்லை. இஞ்சின் ஓடிய மணி நேரத்தை வைத்து மனக்கணக்கில் எழுதி வந்தேன்.

1957 ஜனவரி 14

பொங்கல். கீழ் லயத்தில் மேல் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து பொங்கினார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன்.

1957 ஜனவரி 15

இருபத்தெட்டரை.

மூன்று தடவை விட்டுப் பார்த்தேன். "பண்டிகைன்னு இஞ்சின் கொஞ்சம் கூடக் குடிச்சிருக்குமோண்ணே?" என்று நாகலெட்சுமி கேட்டாள். கோலைத் துடைத்து நான்காம் தடவையும் விட்டேன். அப்புறம் அவளும் சிரிக்கவில்லை.

தொழிற்சாலைப் பொறுப்பிலிருக்கும் டீமேக்கர் பொன்னையா ஐயா தனியே கூப்பிட்டார். தொட்டி துருப்பிடித்தது என்று மட்டும் துரையிடம் சொல், அளக்காத கதையை எடுக்காதே என்றார். நல்ல மனுஷர். என்ன செய்வது? வீடு, வேலை எல்லாம் அந்த இஞ்சினோடுதான்.

ராக்காயி குழந்தையைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்கள்.

1957 ஜனவரி 16

துரையிடம் சொல்லிவிட்டேன். முழுக்க. அப்படியே லயத்துக்குப் போய், எல்லோருக்கும் முன்னால், விளக்குக் கதை நான் கட்டியது என்றும் சொன்னேன். ராக்காயி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

1957 ஜனவரி 24

தொட்டியைத் தோண்டி எடுத்தார்கள். அடியில் துருவும் களிமண்ணும் அடைத்துக் கசிந்துகொண்டிருந்த ஓட்டை, மண்ணைத் தட்டிவிட்டால் என் கட்டைவிரல் நுழையும் அளவு. நுழைத்துப் பார்த்தேன். ஏன் நுழைத்தேன்?

குழந்தை தேறி வீட்டுக்கு வந்துவிட்டது.

இஞ்சினுக்கு ஹட்டனிலிருந்து வேறு ஆள். நான் மலையில் மழைத் தண்ணீர் வடியும் கான் வெட்டப் போகிறேன்.

1957 பெப்ரவரி 11

எண்ணெய் ஊறிய மண்ணைக் கூடை கூடையாக அள்ளுகிறோம். முதுகு போயிற்று. "இஞ்சினுக்கு எண்ணெய் ஊத்தச் சொன்னா, மலைக்கே ஊத்திட்டீங்களே" என்கிறார் பக்கத்தில் வெட்டும் சோலைமலை. தினமும் இதே வார்த்தை. தினமும் சிரிக்கிறார்.

1957 ஏப்ரல் 7, ஞாயிறு

மேல் ஓடையிலிருந்து லயத்துக்குக் குழாய் போட்டு முடிந்தது. குழாய் தொடங்கும் ஓடைத் தலைப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், யாரைப் போடலாம் என்று இன்று காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கேட்டார். ராக்காயி என் பெயரைச் சொன்னாள். இவனா என்று அவர் முகத்தைச் சுளித்தார்.

"வேற ஆள்னா தப்புப் பண்ணிட்டு மறைச்சுருவாங்க. இவருக்கு மறைக்கத் தெரியலைங்க" என்றாள்.

பெரட்டே சிரித்தது. புகழ்ந்தாளா, கேலி செய்தாளா என்று கேட்டுக்கொள்ளவில்லை. நாளைக்கு ஓடைத் தலைப்பில் மாடு இறங்காமல் வேலி கட்ட வேண்டும்.