வகுப்பில் சொன்ன வருத்தம்

1988 ஜூன் 14, செவ்வாய்

இன்று இங்கிலீஷ் வகுப்பில் நடக்காத ஆசைகளையும் வருத்தங்களையும் சொல்லும் வாக்கியங்கள். 'ஐ விஷ்' என்று தொடங்கி ஆளுக்கொன்று சொந்தமாகச் சொல்லச் சொன்னார் டீச்சர். எல்லோரும் நோட்ஸில் உள்ளபடியே பறவையாகப் பறக்க ஆசைப்பட்டார்கள். நான், அப்பா என் அக்காவைக் காலேஜுக்கு அனுப்பியிருக்கலாம் என்று சொன்னேன். டீச்சர் "வெரி குட்" என்றார்.

நாங்கள் இருப்பது தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் என்பதை மறந்துவிட்டேன். மதியச் சங்கு ஊதியதும் வீட்டுக்குச் சாப்பிட வந்த தன் அப்பாவிடம் என் வகுப்பு மல்லிகா அதை ஒப்பித்துவிட்டாள். தொழிற்சாலையில் அவருக்கும் என் அப்பாவுக்கும் பக்கத்துப் பக்கத்து மிஷின்.

சாயங்காலம் அப்பா சைக்கிளை நிறுத்தியதுமே கேட்டார். "'இன்னா அண்ணாத்தே, உம்பொண்ணு கிளாஸ்ல உன்ன இங்கிலீஷ்ல திட்டிகினு கீதாமே'ன்னு எல்லார் எதிர்லயும் கேக்கறான் மல்லிகாவோட அப்பன். அப்படி என்னம்மா சொன்ன?"

அதைத் தமிழில் முழுதாகச் சொன்னேன்.

அப்பா அக்காவிடம் திரும்பினார். "நீ சொல்லச் சொன்னியா?"

"இல்லப்பா," என்றாள் அக்கா, அரிசி களைந்துகொண்டே. "ஆனா அவ சொன்னது நிஜம்தான்."

ப்ளஸ் டூ முடித்த இந்த ஒரு வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னதே இல்லை.

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு என்னிடம்தான் கேட்டார்: "ஒரு வருஷம் விட்டுப்போச்சே, இப்ப சேத்துப்பாங்களா?"

"சேத்துப்பாங்கப்பா," என்றேன்.

உண்மையில் எனக்குத் தெரியாது. காலையில் முதல் வேலையாக டீச்சரைக் கேட்க வேண்டும். அக்கா வாங்கிய மார்க்குக்குச் சேர்த்துக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்.