சக்கரம் வைத்த காம்பரா

12.6.1954, சனி, இரவு

ஒரு வெள்ளைக்காரத் தம்பதி எங்கள் தேயிலைத் தோட்டத்து மைதானத்துக்கு ஜீப்பில் வந்திருக்கிறார்கள். பின்னால் ஒரு பெட்டி வண்டி. அந்த ஐயா கைப்பிடியைச் சுற்றியதும் அதன் கூரை மேலே எழும்பி, சுற்றிலும் கித்தான் சுவர் விரிந்தது. உள்ளே இரண்டு கட்டில், அடுப்பு, அலமாரி.

“அடி ஆத்தி! நம்ம லயத்துக் காம்பரா அளவு இருக்கே!” என்றாள் அம்மா. லயத்து வரிசையில் எங்கள் குடும்பத்துக்கு இருப்பதும் அப்படி ஒற்றை அறைதான்.

என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் அந்த அம்மையாரிடம் விலாசம் கேட்டேன். சிரித்துக்கொண்டே வண்டியின் நம்பர் தகட்டைக் காட்டினார். ஒன்றரை வருடத்தில் ஏழு நாடுகள் சுற்றிவிட்டார்களாம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் தகரப் பெட்டியைத் திறந்து கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை விசாரணை. ஒரு வருடத்துக்கு மேல் இந்த நாட்டை விட்டு எங்கும் போய்த் தங்கவில்லை என்று காட்ட வேண்டும். அம்மாவைக் கட்டிக்கொள்ள இந்தியாவுக்குப் போய், காய்ச்சலில் படுத்து, ஒரு வருடத்துக்கு மேல் தங்கியதை எப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

“அவங்கள யாரும் ஏன் ஒரே எடத்துல இருக்கலன்னு கேக்கலயா புள்ள?”

“யாரும் கேட்ட மாதிரி தெரியலப்பா.”

அப்பா பெட்டியை மூடினார்.

“அந்தக் கூரை எப்படி எழும்புதுன்னு காலையில எனக்கும் காட்டு.”