போல்ட்டில் விழுந்த நட்சத்திரம்

கார்தோனே,
18 நவம்பர் 1945

அன்பு மகன் ஃபிர்மோவுக்கு அப்பா எழுதுவது. ஆஸ்திரேலியாவில் அந்தப் பண்ணையில் நீ நோய்நொடி இல்லாமல், வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்பதுதான் என் தினசரி ஜெபம், நான் இங்கே இருக்கிறேன், குளிர் வந்தால் முழங்கால் மட்டும் தன் குணத்தைக் காட்டுகிறது. உன் ஆகஸ்டு மாதக் கடிதம் போன வாரம்தான் வந்தது. ஐந்து வருஷமாய்ப் போர்க்கைதி அட்டையில் நாலு வரி எழுதிய பிள்ளை இந்தத் தடவை மூன்று பக்கம் எழுதியிருக்கிறாயே, தபால்காரர் நிற்கும்போதே அழுதுவிட்டேன். பண்ணைக்காரர் உன்னை அங்கேயே வைத்துக்கொள்ளப் பிரியப்படுகிறார் என்றும், ஆனாலும் கப்பல் கிடைத்ததும் வந்து முதல் வேலையாக அம்மா கல்லறைக்குப் போவாய் என்றும் எழுதியிருக்கிறாய். கடைசி நேரத்தில் அவள் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் எழுத ஆறு நாளாய் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன்.

தொழிற்சாலையில் இப்போது வேட்டைத் துப்பாக்கிதான். நீ போகும்போது பார்த்த மித்ரா இயந்திரத் துப்பாக்கியைக் கடைசியில் நீ அடையாளம் கண்டிருக்க மாட்டாய். அப்போது குழலுக்கு மேல் ஓட்டை போட்ட உறை, முனையில் மடக்குக் கத்தி, கட்டி இரும்பில் கடைந்தெடுத்த உடம்பு என்று மாப்பிள்ளை மாதிரி இருக்கும். சண்டை முற்ற முற்றக் கத்தி போயிற்று, உறை போயிற்று, உடம்பைத் தகட்டில் மடித்துப் பற்றவைத்தார்கள். முன் விசைக்கு ஒரு குண்டு, பின் விசைக்குச் சரமாரி, அந்த இரண்டு விசை மட்டும் மாறவே இல்லை. தகர டப்பா என்று நான் திட்டாத நாள் இல்லை, ஆனால் சுடும்போது பழையதற்குச் சளைக்கவில்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஜெர்மன்காரர்கள் வந்த பிறகு எண்ணெய் காய்வதற்குள் எல்லாம் அவர்கள் லாரியில் ஏறிவிடும். பெத்த புள்ளைய பாலைவனத்துல தொலைச்சிட்டு இப்ப இவனுங்களுக்கு ஒழைச்சுக் கொட்டுறியே, வெக்கமா இல்லையாய்யா என்று உன் அம்மா ஒருநாள் கேட்டாள். அப்படித்தான் அது தொடங்கியது. நான் பூட்ஸுக்குள் ஒவ்வொரு பாகமாகக் கொண்டுவருவேன், அவள் சோள மாவு மூட்டைக்குள் வைத்து, மேலே மலையில் ஜெர்மன்காரர்களை எதிர்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கொண்டுபோவாள். தன் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகப் பேர்.

எங்கள் பிரிவில் வழக்கம் உனக்குத் தெரியும், துப்பாக்கிக்குள் முன்னும் பின்னும் ஓடும் போல்ட்டை அளவுக் கேஜில் விட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் சரிபார்த்தவன் தன் முத்திரையை ஒரு தட்டு தட்ட வேண்டும். என்னுடையது வட்டத்துக்குள் நட்சத்திரம். மலைக்குப் போவதில் எந்த முத்திரையும் இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் கட்டளை. போன வருஷம் அக்டோபரில் ஒரு போல்ட், மூன்று நாள் அரம் போட்டு நானே இழைத்தது, கேஜுக்குள் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று, முப்பது வருஷப் பழக்கம், கை தட்டிவிட்டது. தெரியாமல் தட்டிவிட்டேன் என்றுதான் பாதிரியாரிடம் பாவமன்னிப்பில் சொன்னேன். உன்னிடம் என்ன பொய். தட்டியதைப் பார்த்தேன். தேய்த்து அழித்திருக்கலாம். இவ்வளவு நல்ல வேலை, என் அடையாளம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரத்தில் மலையில் பிடிபட்ட ஒரு துப்பாக்கியோடு ஜெர்மன்காரர்கள் அந்த நட்சத்திரத்தை வைத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் நம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். இதை வெளியே கொண்டுவந்தது யார் என்று ஒருவன் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா, இந்த மனுசன் ஒரு மண்ணும் தெரியாத ஆளு, சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகும்போது எடுத்தது நான்தான் என்றாள். திறப்பதற்குள் என்றா எழுதினேன். நான் திறக்கவே இல்லை, ஃபிர்மோ. அவர்கள் அவளைப் படியிறக்கியபோது திரும்பிப் பார்த்து, களி அடிபுடிக்குது, கிண்டு என்றாள். நான் கிண்டினேன்.

ப்ரேஷா ஊரில் இருந்து வடக்கே ஜெர்மன் கைதி முகாமுக்குப் போன ரயிலில் ஏற்றினார்களாம். பிப்ரவரியில் இறந்ததாக ஒரு காகிதம் வந்தது. நிமோனியா, வீட்டில், என் கையைப் பிடித்தபடி என்று உனக்கு எழுதியது அத்தனையும் பொய். கோயில் தோட்டத்தில் அவள் பேர் போட்ட கல்லுக்குக் கீழே வெறும் மண்தான். அவன் வந்து எறங்குறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு பொர்த்தோலோ, இல்லன்னா ரொட்டிக் கடையிலயே சொல்லிருவாங்க என்று பக்கத்து வீட்டு சாந்தினா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவள் ஒருத்திதான் என்னோடு பேசுகிறாள். ஒரு ஆளுக்குக் களி கிண்ட எனக்கு இன்னும் வரவில்லை, தினமும் மிஞ்சுகிறது, மறுநாள் அதையே வறுத்துத் தின்கிறேன். வீட்டில் என் குரலைக் கேட்டால் எனக்கே திடுக்கென்கிறது.

இதைப் படித்துவிட்டு அந்தப் பண்ணையிலேயே இருந்துவிட்டாயானால் உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இல்லை, இருக்கும், ஆனால் குறை சொல்ல மாட்டேன். வருவதானால் கப்பலின் மேல்தட்டில் காற்றுப்பட உட்காராதே, கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வாங்கிக்கொள். அம்மாவுடைய சிவப்புச் சால்வையை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன், வராவிட்டாலும் அனுப்புகிறேன், விலாசம் மாறினால் மறக்காமல் எழுது. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், அவளும் அங்கிருந்து காப்பாள். என் கடிதங்களின் அடியில் நீ சிரிப்பதற்காக வரையும் அந்த நட்சத்திரம் இனி இருக்காது, அந்த முத்திரையை மெல்லா ஆற்றில் எறிந்துவிட்டேன். வெளியே கொண்டுவந்தது யார் என்று அன்று கேட்டானே, அதற்கு என் பதிலைக் கீழே, நட்சத்திரம் இருக்கும் இடத்தில், முழுப் பெயராய் எழுதியிருக்கிறேன்.

உன் அப்பா,
பொர்த்தோலோ பெல்லேரி