விட்டுப்போன ஒன்பது நாட்கள்

இன்று காலை ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், புடவையைக் கொஞ்சம் விலக்கி, கதிர் பாய்ச்சும் இடத்தைக் குறிக்க அடிவயிற்றில் ஊதா மருந்தால் போட்டிருந்த கோட்டைக் காட்டினாள். குளித்தால் அழிந்துவிடுமா என்று கேட்டாள். தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். வருடத்துக்கு ஒருமுறை செய்யும் பரிசோதனைக்குப் போனவள், வழியெல்லாம் உன்னையே நினைத்துக்கொண்டு செவ்வாப்பேட்டைக்குத் திரும்பினேன். உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இருந்தும் எழுதுகிறேன்.

எட்டு வருடங்களுக்கு முன் அதே பெஞ்சில்தான் உன்னை முதலில் பார்த்தேன். நீ பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரிக்கு வந்து, அங்கே ரயில் ஏறுவாய். நான் செவ்வாப்பேட்டையில் ஏறுவேன். இரண்டு பேருக்கும் ஒரே நோய், கர்ப்பப்பை வாயில் புற்று. இரண்டு பேருக்கும் இருபத்தைந்து நாள் கரண்ட்டு வைக்கச் சீட்டு எழுதியிருந்தார்கள். கோபால்ட் மெஷினில் கதிர் பாய்ச்சுவதை நாமெல்லாம் அப்படித்தான் சொன்னோம்.

முதல் நாள் நீ மெஷின் அறையிலிருந்து வெளியே வந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"படுக்க வச்சிட்டு அல்லாரும் வெளிய பூட்றாங்க யக்கா. அம்மாம் பெரிய கதவைச் சாத்திடறாங்க. நல்லது பண்ற மிஷினுன்னா அவங்க இன்னாத்துக்கு ஓடணும்?"

எனக்கும் அதே பயம்தான். என் வீட்டுக்காரர் டாக்டரிடம் கேட்டு வந்ததை உனக்குச் சொன்னேன். நமக்கு இருபத்தைந்து நாளோடு முடிந்துவிடும், அவர்களுக்கு வருடம் முழுக்க அங்கேதான் வேலை, தினமும் பட்டால் அவர்கள் உடம்பு கெட்டுவிடும் என்றேன். அவர்களும் பாவம்தான் என்றாய்.

மறுநாளிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷனில் யார் முதலில் வருகிறோமோ அவர் மற்றவருக்காகக் காத்திருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து சென்ட்ரலுக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு வாந்தி வரும். நீ என் தலையை ஜன்னலோரம் பிடித்துக்கொள்வாய். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததை உன்னிடம் சொன்னேன். உதிரப்போக்கை ஒரு வருடமாகத் துணி மாற்றி மாற்றி மறைத்திருந்தேன். நீயும் மறைத்தவள்தான். பொன்னேரி சந்தையில் மீன் கூடையோடு உட்காரும்போது புடவையில் கறை பட்டாலும், மீன் ரத்தம் என்று நினைத்துக்கொள்வார்களாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பதினாறாம் நாள் நீ வேறு முகத்தோடு வந்தாய். உதிரம் நின்றிருந்தது. வீட்டில் உன் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அன்று சாயங்காலம் சென்ட்ரலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்.

"ஒரு வாரம் வராம பூட்டா இன்னா ஆவும் யக்கா? அதான் நின்னுப் போச்சே."

ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டர் நம் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். எனக்கு அது நன்றாக நினைவிருந்தது. ஆனால் எனக்கும் உதிரம் நின்றிருந்தது. நின்றால் குணமாகிவிட்டது என்று நம்பிவிட எனக்கும் ஆசையாக இருந்தது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஒரு வாரந்தானே, போய்ட்டு வா" என்றேன்.

நீ வரவில்லை. மறு வாரமும் வரவில்லை. எனக்கு இருபத்தைந்து நாளும் முடிந்து, கர்ப்பப்பை வாயில் ரேடியம் வைத்து எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நடக்கத் தெம்பு வந்ததும் பழவேற்காட்டுக்கு வந்தேன். நீ சதை போட்டிருந்தாய். மடியில் பேரன். இறால் வறுத்துப் போட்டாய். மீதி ஒன்பது நாளையும் முடித்துவிடு என்று கெஞ்சினேன்.

"சும்மா பேஜார் பண்ணாத யக்கா. நல்லாத்தான் கீறேன்" என்றாய்.

உன் வீட்டுக்காரரும், வற்புறுத்தாமல் விட்டுவிடும்படி என்னிடம் சொன்னார். தெரிந்தேதான் உன்னைப் போகச் சொன்னேன் என்பதை அன்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை என்னோடு கிளம்பியிருப்பாயோ என்னவோ. சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

அடுத்த ஐப்பசியில் ஆஸ்பத்திரி வாசலில் உன் மகள் உன்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உன் கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. நோய் எலும்பு வரைக்கும் போய்விட்டது, இனி மெஷினில் வைத்தும் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலிக்கு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். மகள் மாத்திரை வாங்கப் போன நேரத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"நான்தான் உன்னைப் போவச் சொன்னேன். டாக்டர் சொன்னது நெனப்பு இருந்துச்சி. இருந்தும் சொன்னேன்."

நீ என் புடவைத் தலைப்பை எடுத்து என் கண்ணைத் துடைத்துவிட்டாய்.

"நீ சொல்லலன்னாலும் போய்த்தான் இருப்பேன் யக்கா. பொண்ணு ஊட்ல கெடந்தாளே."

பொங்கலுக்கு முன்பே நீ போய்விட்டாய். ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தகவல் வந்தது.

உன் மகள் இப்போது கும்மிடிப்பூண்டியில் இருக்கிறாள். புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் மருமகனுக்கு வேலை. போன தை மாதம் போய்ப் பார்த்தேன். பேரன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான், உன்னைப் போலவே சத்தமாகப் பேசுகிறான். தெரிந்தே உன்னைப் போகச் சொன்னதை அவளிடமும் சொல்லத்தான் போனேன். காபி குடித்துவிட்டு, சொல்லாமலே திரும்பினேன்.

இன்றும் டாக்டர் எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறீர்கள் என்றுதான் சொன்னார். ஒவ்வொரு வருடமும் அதைக் கேட்டுவிட்டு வெளியே வரும்போது, நான் சொல்லாவிட்டாலும் போய்த்தான் இருப்பாய் என்று நீ கடைசியாகச் சொன்னது காதில் விழுகிறது. உண்மையாகத்தான் சொன்னாயா, இல்லை என் மனசு தேறட்டும் என்று சொன்னாயா? அன்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இத்தனை வருடமாக அது தெரியாமலேதான் உயிரோடு இருக்கிறேன்.